பட்டியல்காரி

"வந்துட்டாடி பட்டியல்காரி! நம்ம அரிசியை அள்ளிக்கிட்டுப் போக வந்துட்டா!"

தெருமுனையில் இஸ்திரிக்காரி போட்ட சத்தத்தில் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. காகிதக் கட்டோடு வந்த அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்த மேற்பார்வையாளர் குடையை மடக்கிக் கேடயம் போல முன்னால் பிடித்துக்கொண்டார்.

ஏழ்மையை ஒழிப்போம் என்று சொல்லித்தான் ஆளுங்கட்சி ஓட்டு வாங்கியது. அது லேசில் முடிகிற வேலை இல்லை என்று பிறகு தெரிந்திருக்கும் போல. ஏழைகளின் பட்டியலைச் சுருக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் மின்விசிறி, டிவி, மிக்ஸி, சைக்கிள் என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும், அந்த வீட்டின் பெயர் அடிபடும். மாதாமாதம் வரும் அரிசி நின்றுவிடும். வீடு வீடாகப் போய்ப் பெயரை அடிப்பதுதான் அவளுடைய ஒப்பந்த வேலை.

"போன வாரம் ஒருத்தன் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சலுகை காட்டிட்டான். அதான் இப்ப நானே கூட வரேன்," என்றார் மேற்பார்வையாளர். "யாருக்காவது வளைஞ்சு கொடுத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே உன் வேலை போச்சு."

"சரி சார்."

முதலில் கொத்தனார் வீடு. சுவரில் டிவி அளவுக்கு ஒரு வெளுத்த கட்டம். மேற்பார்வையாளர் அதன் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"உங்க தலைவர் படம் மாட்டியிருந்தோம் சார். கழட்டிட்டோம்," என்றாள் கொத்தனார் மனைவி.

"இவ்வளவு பெரிய படமா?"

"அப்ப அவர் மேல அவ்வளவு நம்பிக்கை சார்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

அடுத்தது இஸ்திரிக்காரியின் வீடு. மேற்பார்வையாளர் சுவரிலிருந்த ரெகுலேட்டரைத் திருகினார். கடகடவென்று சுற்றியது. மேலே வெறும் கொக்கி.

"ரெகுலேட்டர் இருக்கு. ஃபேன் எங்கே?"

பட்டியல்காரி அவசரமாகக் காகிதங்களைப் புரட்டினாள்.

"வித்துட்டோம்," என்றாள் இஸ்திரிக்காரி. "வித்துத்தான் கரண்ட் பில்லு கட்டினோம்."

"ஃபேனே இல்லாத வீட்டுக்கு எவ்வளவு பில்லு வந்துடப் போகுது?"

"அதைத்தான் சார் நாங்களும் உங்க கவர்மெண்ட்டைக் கேட்டுக்கிட்டிருக்கோம்!"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேற்பார்வையாளருக்குக் காது சிவந்தது. இஸ்திரிக்காரி விடவில்லை, பட்டியல்காரி பக்கம் திரும்பினாள்.

"நீயும் பிள்ளை பெத்தவதானே? ஊர் வயித்துல அடிச்சு வாங்குற சம்பளத்துல சோறு பொங்குறியே, அது உனக்குச் செரிக்குதாடி?"

சொன்ன வேகத்தில் வாளித் தண்ணீரை எடுத்து அவள் தலையிலேயே ஊற்றிவிட்டாள்.

தண்ணீர் உறைக்கவில்லை. கேள்விதான் உறைத்தது. இந்த மூன்று வாரத்தில் வேறு வேறு தெருக்களில் நாற்பத்தாறு பெயர்களை அடித்திருந்தாள். சின்னக் கோடுதானே, பேனா கனக்கவா செய்தது? நாற்பத்தாறு பேரில் யாருமே இப்படி நேருக்கு நேர் கேட்கவில்லை. அழுதார்கள், அவ்வளவுதான். அழுகிறவர்களைத் தாண்டி வந்துவிட முடிகிறது.

எல்லா வீட்டிலும் அதே கதைதான். வெறும் கொக்கி, வெறும் சுவர், வாய் நிறைய வசவு. கடைசி வீட்டில் மட்டும் பெரிய பூட்டு தொங்கியது. ஜன்னலில் உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

"உள்ளே என்ன இருக்கு? ஆள் விட்டு உடைச்சுப் பார்த்துடலாமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"உடைங்க சார்!" இஸ்திரிக்காரி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். "ஏழை வீட்டுப் பூட்டை உடைச்ச ஆபீசர்னு நாளைக்குப் பேப்பர்ல உங்க மூஞ்சி வரட்டும்! நல்லாச் சிரிங்க!"

அவர் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. பிறகுதான் விஷயம் புரிந்து இரண்டடி பின்வாங்கினார்.

"நாளைக்கு நானே வந்து பார்த்துடறேன் சார்," என்றாள் அவள்.

"தனியாவா? உன்னை உயிரோட விடுவாங்களா?"

"வேலைன்னு வந்துட்டா இதெல்லாம் பார்க்க முடியுமா சார்?"

ஈரம் சொட்ட நின்றவளை மேற்பார்வையாளர் முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "இந்தத் திட்டுத் திட்டுறாங்கன்னா நீ யாருக்கும் வளையலைன்னு அர்த்தம். எனக்கு அது போதும்," என்று கையெழுத்துப் போட்டார். "ஆனா ஒரு பேர்கூட அடிபடலையேம்மா. மேலிடத்துல என்ன சொல்றது?"

"இங்க நிஜமாவே ஏழைங்க இருக்காங்கன்னு சொல்லுங்க சார்."

"அதைச் சொன்னா முதல்ல என் பேரை அடிச்சுடுவாங்க."

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பி மறையும்வரை வசவு ஓயவில்லை. மறைந்த பிறகு இஸ்திரிக்காரி ஒரு துண்டோடு ஓடிவந்தாள்.

"தலையைத் துவட்டுடி முதல்ல. தண்ணி ஊத்துறது நேத்து நாம பேசி வெச்சதுல இல்லதான். ஒரு வேகத்துல வந்துடுச்சு."

"சோறு செரிக்குதான்னு கேட்டதும் பேசி வெச்சதுல இல்லக்கா."

இஸ்திரிக்காரி துண்டால் தானே அவள் தலையைத் துவட்டிவிட்டாள். பட்டியல்காரி தன் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கடைசி வீட்டுப் பூட்டைத் திறந்தாள். பதினோரு மின்விசிறிகள், ஏழு டிவிகள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சைக்கிள்கள். கால் வைக்க இடமில்லை.

"அவங்கவங்க சாமானை சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க," என்றாள் அவள். "பள்ளிக்கூடம் விட்டு என் பிள்ளைங்க வீட்டுக்கு வர்ற நேரமாச்சு."