எட்டும் ஒன்பதும்

ஆம்பூர் பஜார் செருப்புக் கடையில் பாரதி வருஷா வருஷம் கேட்பதையே கேட்டாள். "எட்டுல ஒரு ஜோடி, ஒன்பதுல ஒரு ஜோடி குடுங்க பாய்."

கடைக்காரர் நிசார் சிரித்தார். "ஷூ கம்பெனியில முப்பது வருஷம் ஜோடி சேர்த்த மனுஷன் உங்கப்பா, அவரு காலுக்கு ஒரு ஜோடி அமையல பாரு! வீங்குன இடது காலுக்கு ஒன்பது, வலதுக்கு எட்டு. சரிதானே?"

"இல்ல பாய். இடது எட்டு, வலது ஒன்பது கட்டிக் குடுங்க."

"இன்னாம்மா, மாத்திச் சொல்றே?"

"மிச்சமாவுறதை அப்பா, ஆஸ்பத்திரியில பழக்கமான முனிரத்தினம் மாமாவுக்குக் குடுப்பாரு. அவருக்கு வலது கால்ல வீக்கம். இது அவருக்கு."

"அப்போ அப்பாவுக்கு?"

பாரதி மீதி இரண்டு செருப்புகளையும் ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.

"அப்பா தவறி மூணு மாசமாச்சு பாய். இந்த வருஷம் அவரோடதுதான் மிச்சம்."