நேராகவே போகும் கார்

கடை வாசலில் பளபளவென்று நின்ற பெரிய அலாய் வீல்களைப் பார்த்ததும் சின்னக் காருக்கு ஆசை வந்துவிட்டது.

“அண்ணே, என்கிட்ட வந்துடுங்க.”

“நாங்க நாலு பேரும் உன் மட்கார்டுக்குள்ள அடங்குவோமா தம்பி?” என்றது ஒரு வீல்.

“அதெல்லாம் அடங்கிடுவீங்க.”

டிக்கிக்குள் படுத்திருந்த ஸ்டெப்னி, “மாப்ளே, முதல்ல அளவைப் பாரு!” என்று கத்தியது.

“உனக்குப் பொறாமை,” என்றது கார்.

வீல்களை மாட்டியாயிற்று. பூஜை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் நேராக நகர்ந்தது. பழங்கள் பச்சக்கென்று நசுங்கின. தெருவே வேடிக்கை பார்த்தது. காருக்குப் பெருமை பிடிபடவில்லை.

தெருமுனையில் இடதுபக்கம் திரும்பியதும், முன்சக்கரம் மட்கார்டில் கிரீச்சென்று உரசியது. “ஐயோ, என் பாலிஷ்!” என்று வீல் அலறியது. கார் சட்டென்று நேராகிக்கொண்டது.

“வீடு இடதுபக்கம்தானே மாப்ளே?” என்றது ஸ்டெப்னி.

“வீட்டுல என்ன இருக்கு? நேரா கன்னியாகுமரிக்குப் போறோம்.”

“அதுக்கப்புறம் கடல். அங்கேயாவது திரும்பித்தானே ஆகணும்?”

கார் மெதுவாகக் கேட்டது:

“நீச்சல் கத்துக்கறது ரொம்பக் கஷ்டமா?”