சிலையின் கண்வழியே

நாட்டிலேயே உயரமான அந்தச் சிலையின் கண்களில் ஜன்னல் வைத்திருந்தார்கள். திறந்த வாரம் உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம் என்பதால், நிறைமாத மனைவி எழிலரசி ஆசைப்பட்டுக் கேட்க, அன்புராஜ் அவளை மேலே அழைத்து வந்திருந்தான். இறங்கும் நேரத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. படிக்கட்டு வேலை இன்னும் முடியவில்லை. பயத்திலோ என்னவோ, எழிலரசிக்கு இடுப்பு வலி எடுத்தது.

லிஃப்டை இயக்கும் மரகதவல்லி போன் செய்தாள். மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள். ஜன்னலில் மாவட்டமே தெரிந்தது. வெள்ளை வண்டி தீப்பெட்டி அளவில் ஓடிவந்து ஆற்றங்கரையில் நின்றது.

"ஏன் நின்னுருச்சு?" என்றான் அன்புராஜ்.

"ஆத்துல தண்ணி போகுதுண்ணே. மலையைச் சுத்தித்தான் வரணும்."

"பாலம் கேட்டு எத்தன தடவ போய் நின்னோம்! நிதி இல்லன்னுட்டாங்களே!" அவன் சிலையின் உட்சுவரை ஓங்கி அறைந்தான்.

எழிலரசி மரகதவல்லியின் கையை இறுகப் பிடித்தாள். "அக்கா, நீங்க பிரசவம் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்மா." பொய்தான். துப்பட்டாவை எடுத்துப் பளிங்குத் தரையில் விரித்தாள். அன்புராஜை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள்.

திரும்பி நின்றான். வந்த வழியே வண்டி சிறுத்துக்கொண்டே போனது.