காலையில் போட்ட மாத்திரை

“தூசி அலர்ஜின்னு மட்டும் ரிசல்ட் வரட்டும், தையல் மிஷினை அன்னைக்கே வித்துடறேன். வீடு பூரா துணித்தூசி. நீங்களும் விடாம தும்மிக்கிட்டே இருக்கீங்க” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்த மனைவி, லேப் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவர் மட்டும் உள்ளே போனார்.

ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “காலைல அலர்ஜி மாத்திரை போட்டுட்டேம்மா. ரிசல்ட் மாறிடுமா?”

“பயப்படாதீங்க சார். தோல்ல பண்ற டெஸ்ட்டைத்தான் மாத்திரை குழப்பும். ரத்தத்துல உள்ளது உள்ளபடி வந்துடும்.”

அவர் முகம் தொங்கிப்போனது. மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கினார்.

“அப்ப டெஸ்ட்டே வேண்டாம்மா. மாறிடும்னு நம்பித்தான் போட்டேன்.”

“ஏன் சார்?”

“ரெண்டு வருஷம் பேச்சே இல்லாம சுவரைப் பார்த்துக் கிடந்தவம்மா வெளிய உக்காந்திருக்கற என் வீட்டுக்காரி. தையல் மிஷின்ல உக்காந்ததுக்கு அப்புறம்தான் திரும்பப் பாட ஆரம்பிச்சிருக்கா.”