மெரூன் இன்னும் காயலை

கையைத் திருப்பினால் வாட்ச் வெளிச்சம் போடும். தருமன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் அணைந்துவிடும். மறுபடி திருப்ப வேண்டும். வெயிலில் நின்றால் அந்த வெளிச்சமும் தெரியாது.

“காலம் பூரா பஸ் டெப்போவுல டைம் கீப்பரா இருந்தவன் நானு. இப்படி ஒரு கடிகாரத்த கண்டதில்ல,” என்று தெருவில் கிடைத்தவர்களிடம் எல்லாம் புலம்பினார்.

வாட்ச், சென்னையில் வேலை பார்க்கும் மகள் பவித்ரா வாங்கி அனுப்பியது. தருமனுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றால் தருமனுக்கு ஈரக்குலை நடுங்கும். ரத்தம் எடுக்கிற அன்றைக்கே மனைவி தேவகி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாட்ச் காட்டுகிற கலோரிக் கணக்கு மகளின் போனிலும் தெரியும். அதை டாக்டரிடம் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் எழுந்து பார்த்தால் ஏற்கெனவே நானூற்றுச் சொச்சம் எரிந்திருந்தது. படுத்த படுக்கையிலேயே இவ்வளவா என்று பூரித்துப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

“அது நீ மூச்சு விட்டதுக்குப்பா. நடந்தா எரியறது கீழ சின்ன எழுத்துல இருக்கும், அதப் பாரு,” என்றாள்.

அந்தச் சின்ன எழுத்து நகர்ந்தால்தானே? கோட்டை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் ஏறவில்லை. தருமனுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துதான் பழக்கம். டெப்போவில் நின்ற பஸ்களை அப்படித்தான் பார்த்து வருவார். வாட்சோ கை ஆடினால்தான் நடந்ததாக ஒத்துக்கொள்ளும்.

“என்னப்பா, இன்னிக்கும் உக்காந்துகினே இருந்தியா?” என்று சாயந்திரம் மகள் கேட்கும்போது மனிதருக்கு அழுகையே வந்துவிடும். ஒரே வாரத்தில் நடையை விட்டவர், நடக்கச் சொன்ன தேவகியிடம் சண்டைக்குப் போனார்.

ஒருநாள் குளிக்கப் போகும்போது, தறியில் நெய்துகொண்டிருந்த தேவகியிடம் வாட்சைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் கையில் மாட்டிக்கொண்டு நெய்தாள். வந்து பார்த்தால் கலோரி எகிறிக் கிடந்தது. ஊடை நூலோடு நாடா தறியில் குறுக்கும் மறுக்கும் ஓட அவள் கயிற்றை இழுக்க இழுக்க, அம்மணி நடக்கிறாள் என்று வாட்ச் நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

தருமனுக்குக் குஷி தாங்கவில்லை. “தேவகி, இனிமே இத்த நீயே கட்டிக்க. கணக்கு நல்லா இருந்தா டாக்டரு ஊசியப் பத்திப் பேசமாட்டாரு. ரத்தத்த அப்பறம் பாத்துக்கலாம்.”

திட்டுவாள் என்று நினைத்தார். அவளோ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். “ஆனா நான் தறிய வுட்டு எழுந்தா உங்க கணக்குதான் கொறையும். வெளி வேலைய நீங்கதான் பாக்கணும்.”

வெளி வேலை என்றால் சாயப்பட்டறை. அடுத்த சேலைக்கு மெரூன் நூல் வேண்டும். ராஜ்குமாரின் பட்டறை ஆற்றங்கரையில், ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. மொபெட்டும் அந்த வாரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. வேலூரிலிருந்து பார்ட் வரவேண்டும் என்றான் மெக்கானிக். ஆட்டோ என்ற பேச்சுக்கே தேவகியிடம் இடமில்லை.

காலையில் போனால் சாயம் சரியாக ஏறவில்லை, சாயந்திரம் வாருங்கள் என்பான் ராஜ்குமார். சாயந்திரம் போனால் இன்னும் காயவில்லை என்பான். மறுநாள் போனால் நடுவில் வெள்ளை தெரிந்தது, மறுபடி முக்கியிருக்கிறேன் என்பான். எப்படியோ மெரூன் வந்து சேர்ந்தால் அடுத்து கிளிப்பச்சை, அதற்கும் இதே கூத்து. அப்புறம் திரும்பவும் மெரூன். தருமன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். பேஜார் பிடித்த நூல்.

எதிர்வீட்டுக் கற்பகத்துக்கே பொறுக்கவில்லை. ரிட்டயரான மனுசனை இப்படி வெயிலில் அலையவிடுகிறாயே என்று கேட்டேவிட்டாள்.

“அவரு கலோரிய நான் எரிக்கறேன், என் வேலைய அவரு செய்யறாரு,” என்று கயிற்றை இழுத்தபடியே சொன்னாள் தேவகி. அது காதில் விழுந்ததும் தருமனுக்கு மனசு விட்டுப்போயிற்று. கட்டினவள்கூட சமயம் பார்த்து வேலை வாங்குகிறாளே என்று குமைந்தார்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் ரிசல்ட்டை இரண்டு தடவை பார்த்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றவர், அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் தேவகியிடம் வாங்கிக் கட்டி வந்திருந்த வாட்சைத் தருமன் சட்டைக் கைக்குள் தள்ளினார்.

சென்னையிலிருந்து வந்திருந்த பவித்ராதான் போனை எடுத்துக் காட்டினாள். “எல்லாம் இந்த வாட்ச்தான் டாக்டர்.”

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தார் தருமன். வழியெல்லாம் ஒரே குழப்பம். தறியில் உட்கார்ந்து எரித்தது அவள், இறங்கியது நமக்கு, இது எந்த ஊர் நியாயம்?

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இரண்டு கையும் தறியில் இருந்ததால் தேவகி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“அக்கா, மெரூனு போன வாரமே காஞ்சி கெடக்குது. இன்னும் எத்தினி பொய்யி சொல்றது? இன்னொரு தபா திருப்பி அனுப்பினா அண்ணன் என்ன அடிச்சாலும் அடிப்பாரு.” ராஜ்குமாரின் குரல்.

“இன்னும் கொஞ்ச நாளு சமாளிப்பா. மொபெட்டு ரெடி, எடுத்துகினு போன்னு மெக்கானிக்கும் உயிர வாங்கறான், அவனையும் புடிச்சி வெச்சிருக்கேன். ஒடம்புக்கு நடன்னா இந்த மனுசன் சண்டைக்கு வராரு. நூலுன்னா வாய மூடிகினு நடக்கறாரு.”

தருமன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தேவகி,” என்று வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தார், “அந்த மெரூனு காஞ்சிச்சான்னு ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்.”