வெளி எண்ணுக்கு வந்த கேள்வி

"உங்களுக்கு என்ன பைத்தியமா எஜே?" என்று கத்தினாள் பெகிமாய்.

எஜே, அதாவது அக்கா என்று அழைக்கும் மூத்தவளிடம் அப்படிப் பேசும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காப்பகத்தை நடத்தும் ஜூரா எஜே கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பழைய கைப்பேசியை மேஜைமேல் வைத்தாள். "இந்த நம்பரை நம்ம சர்வரோட இணைச்சு விடு. இன்னிக்கே."

ஏரிக்கரை நகரமான கராகோலில் பெயர்ப்பலகை இல்லாத வீடு அது. அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் ஒளிந்திருக்கும் வீடு. மாடிப்படிக்கு அடியில் செருப்புப் பெட்டி அளவுக்கு இருந்த கணினிதான் அவர்களுடைய சர்வர். வீட்டுப் பெண்கள், வக்கீல், டாக்டர், கார் ஓட்டுகிற எர்கின், எல்லாரும் அதற்குள்தான் எழுதிக்கொள்வார்கள். எழுதியது எதுவும் யாரோ ஒரு கம்பெனியின் கணினியில் போய்த் தங்காது.

அதைக் கட்டியவள் பெகிமாய்.

முன்பு வேறோர் ஊரில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, ஊரே வைத்திருக்கிற மெசேஜ் செயலியில்தான் அவளும் இருந்தாள். யாரோ ஒருத்தி குழுவில் போட்ட பிறந்தநாள் படம் கைமாறிக் கைமாறி அவள் கணவனிடம் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வைத்தே அவன் வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு இடது காது கேட்காது.

இப்போது இந்தப் பழைய கைப்பேசி வழியாக அதே செயலிக்கு வழி திறந்துவிடச் சொல்கிறாள் ஜூரா எஜே!

"யாரைக் குளிர வைக்க எஜே? தலைநகரத்துல உக்காந்துக்கிட்டு நமக்கு நன்கொடை அனுப்புறாங்களே, அந்த மகாராணிகளுக்கு நம்ம செயலியை இறக்கிக்க விரல் வலிக்குதாமா?"

"அவங்களுக்கு இல்லடி. வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கிறவளுங்களுக்கு. போன்ல புதுசா ஒண்ணு இருந்தாலே புருஷன் என்னன்னு கேப்பான். எல்லார் போன்லயும் இருக்கிறதை எவன் கேக்கப் போறான்?"

"அப்ப புருஷங்களும் எழுதுவாங்க. எந்தத் தெரு, எந்த வீடுன்னு விசாரிப்பாங்க. வாசல்ல நின்னு சம்சா குடுத்து வரவேற்போமா?"

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"உனக்குத்தான் பூட்டுப் போடத் தெரியுமே. எத்தனை வேணும்னாலும் போட்டுக்கோ. ஆனா கதவுன்னு ஒண்ணு வேணும் பெகிமாய்."

நாற்காலியை இழுத்த இழுப்பில் தரை கிறீச்சிட்டது. பெகிமாய் விசைப்பலகையை அடித்துத் துவைத்தாள்.

ஆத்திரம் அவள் வேலையைக் கெடுக்கவில்லை. வெளியிலிருந்து வருகிற செய்தி ஒரே ஓர் அறைக்குள் மட்டும் விழும்படி செய்தாள். உள்ளே யார் பதில் எழுதினாலும் வெளியே 'கம்பளிக் கடை' என்ற பெயர்தான் தெரியும். படம் எதுவும் இங்கிருந்து அங்கே போகாது.

கடைசியில் திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வந்தது. கைப்பேசியின் கேமராவை அதன்மேல் காட்டினாள். இணைந்துவிட்டது.

இணைந்த கையோடு செய்திகள் வந்து விழ ஆரம்பித்தன.

அவள் திரும்பி முறைத்தாள். "நம்பரை முன்னாடியே வெளிய குடுத்துட்டீங்களா?"

"ஏரிக்கரை ஊர்கள்ல இருக்கிற பொம்பளைங்க ஆஸ்பத்திரிக் கழிப்பறையில எல்லாம் ஒட்டச் சொன்னேன். போன வாரமே."

பெகிமாய்க்கு உச்சி கொதித்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லக்கூட இல்லை! வயரையே பிடுங்கிவிடலாம் என்று எழுந்து குனிந்தாள்.

குனிந்தவளின் கண் திரையில் பட்டது.

ஒருத்தி சலாம் என்று மட்டும் எழுதியிருந்தாள். இன்னொருத்தி, பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே, அப்போதுதான் வந்தது:

"ஐம்பத்தாறு வயசு ஆளையும் சேர்த்துக்குவீங்களா?"

பெயர் இல்லை. எண் மட்டும்.

அந்த எண் பெகிமாய்க்கு மனப்பாடம். மூன்று வருடமாக அவள் அழைக்காத எண். செத்தாலும் அழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த எண். கன்றிப்போன முகத்தோடு போய் நின்றபோது தேநீர் கொடுத்து, முகம் கழுவிவிட்டு, இரண்டு முறையும் தன் கையாலேயே வேனில் ஏற்றிக் கணவனிடம் திருப்பி அனுப்பிய அம்மாவின் எண்.

"எல்லாப் பொம்பளைங்களும் பொறுத்துக்கிட்டுத்தாண்டி இருக்காங்க" என்று அப்போது அம்மா சொன்னாள்.

எல்லாரும் என்றால் யார் யார் என்று பெகிமாய் கேட்கவில்லை.

அப்பாவின் குரல் உயர்ந்து கிராமத்தில் யாரும் கேட்டதில்லை. இரண்டு முறையும் வேன் கிளம்பும்போது பின்னால் நின்று கையசைத்தார்.

பெகிமாய் வயரை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். கோபத்தில் விரல்கள் எழுத்துகளைத் தவறவிட்டன. அழித்து அழித்து எழுதினாள்.

"கட்டாயம் சேர்த்துக்குவோம். இப்ப அவர் வீட்ல இருக்காரா?"

அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது கம்பளிக் கடை என்ற பெயர் மட்டும்தான்.

"தெரிஞ்சவங்களாடி?" என்று கேட்டாள் ஜூரா எஜே.

பெகிமாய் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எர்கினை வண்டி எடுக்கச் சொல்லுங்க."

பதில் வந்தது.

"இல்லம்மா. பக்கத்து வீட்டுல புருஷன் பொண்டாட்டிச் சண்டை. சமாதானம் பேசக் கூப்பிட்டாங்கன்னு போயிருக்கார்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. எனக்கு ஒரு மக இருக்கா. அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது."