அடுப்போரம் எண்ணெய்

மூன்று எண்ணெய்ப் புட்டிகளையும் முகர்ந்து பார்த்துவிட்டு, புருஷன் தோள்வலிக்கு நல்லெண்ணெயே சரியென்று வேலுத்தாய் பூண்டு தட்டிப் போட்டு அடுப்பில் காய்ச்சுகிறாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிக்கும் சங்கிலிமுத்து, அசதியில் இன்று குளிக்காமலே வந்து, அடுப்போரம் முதுகைக் காட்டி உட்காருகிறான். தணல் வெளிச்சத்தில் அவன் காதுமடலில், வேட்டி மடிப்பில் வெடிமருந்தின் வெள்ளித்தூள் மினுங்குகிறது. சுள்ளி ஒன்று படபடவெனப் பொரிகிறது. தண்ணீர் ஊற்றினாலும் பொறி பறக்கும், விறகை இழுத்தாலும் பறக்கும். அடுப்புக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நிற்கிறாள்.

"வேட்டிய ஒதறாம, மெல்ல எந்திரிச்சு முத்தத்துக்குப் போங்க."

"தேய்க்கக் கூப்பிட்டுட்டு வெரட்டுறியேடி!" முனகிக்கொண்டே போகிறான்.

முற்றத்தில் அவன் தலைவழியே இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, புட்டியிலிருந்த காய்ச்சாத எண்ணெயை அப்படியே தோளில் வார்க்கிறாள்.

"சூடே இல்லையே, வேலு."

"இன்னைக்கு இந்தச் சூடு போதும்" என்கிறாள். உள்ளே சுள்ளி இன்னும் பொரிந்துகொண்டிருக்கிறது.